உங்களுக்குத் தெரியுமா? ஒரு சவரன் தங்கத்தில் 6 கிரவுண்டு!

தங்கத்தைக் கழுத்தில் போடலாம். அடகுக் கடையில் வைக்கலாம். புற்றுநோய்க் கட்டிக்குள் போட்டால்? எக்ஸ்ரேயின் அடி இன்னும் பலமாக விழுகிறது! கதை இல்லை, ஆராய்ச்சி! தேடித் தேடிப் பிடித்த சங்கதிகள். ஒவ்வொன்றாக எடுத்து விடுகிறேன், பிடித்துக்கொள்ளுங்கள்!

★ எலிக்கு ஊசி, ஊசியில் தங்கம்!

2004-ம் ஆண்டு. அமெரிக்காவில் ஹெய்ன்ஃபெல்ட், ஸ்லாட்கின், ஸ்மிலோவிட்ஸ் என்று மூன்று ஆராய்ச்சியாளர்கள். மார்பகப் புற்றுக்கட்டி உள்ள சுண்டெலிகளின் ரத்தத்தில் தங்கத் துகளை ஏற்றினார்கள். ஏற்றிய கையோடு எக்ஸ்ரே. ஒரு வருடம் கழித்து எண்ணிப் பார்த்தால் 86 சதவீத எலிகள் உயிரோடு!

எக்ஸ்ரே மட்டும் வாங்கிய எலிகள் பிழைத்தது எவ்வளவு? வெறும் 20 சதவீதம்!

தங்கம் மட்டும் வாங்கிய எலிகள்? பூஜ்யம்! தனியாக இருந்தால் தங்கம் சாது. எக்ஸ்ரேயோடு கூட்டுச் சேர்ந்தால்தான் கட்டிக்கு எமன்!

கட்டிக்குள் போய்ச் சேர்ந்த தங்கம் பக்கத்தில் இருந்த நல்ல சதையில் இருந்ததைவிட 8 மடங்கு! வழி சொல்லி யாரும் அனுப்பவில்லை. தானாகவே போய் உட்கார்ந்தது!

அந்தத் துகளின் குறுக்களவு 1.9 நானோமீட்டர். நம் டி.என்.ஏ. இழையின் அகலம் 2 நானோமீட்டர். சரியான ஜோடி!

ஒரு துகளுக்குள் எத்தனை தங்க அணு இருக்கும்? கணக்குப் போட்டால் சுமார் 200தான்!

ஒரு கிராம் தங்கத்தில் அப்படிப்பட்ட துகள் எத்தனை வரும்? 1.4 லட்சம் கோடி கோடி! அச்சுப் பிழை இல்லை. கோடிக்குப் பிறகு இன்னொரு கோடி உண்டு!

அத்தனை துகளின் மேற்பரப்பையும் விரித்துப் போட்டால் கிராமுக்கு 1,700 சதுர அடியைத் தாண்டும். சவரனுக்கு 14,000 சதுர அடி. அதாவது கிட்டத்தட்ட 6 கிரவுண்டு! பத்திரம் மட்டும்தான் பதிய முடியாது!

★ தணிகை மலையில் நானோ கணக்கு!

நம் கைவிரல் நகம் விநாடிக்குச் சுமார் 1 நானோமீட்டர் வளர்கிறது. திருத்தணி மலைக்கு 365 படி. படிக்கு ஒரு விநாடி வைத்து ‘அரோகரா’ போட்டுக்கொண்டே ஏறுங்கள். முருகன் சந்நிதிக்குப் போவதற்குள் நகம் 365 நானோமீட்டர் நீண்டிருக்கும். அந்த இடத்தில் மேலே சொன்ன தங்கத் துகளை வரிசையாக நிறுத்தினால் 190 துகள் நிற்கும்!

1959 டிசம்பர் 29. இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெய்ன்மன் கலிஃபோர்னியாவில் பேசுகிறார். சின்னஞ்சிறு உலகத்தில் ஏகப்பட்ட இடம் காலியாகக் கிடக்கிறது என்று அடித்துச் சொல்கிறார். நானோ ஆராய்ச்சிக்குப் பிள்ளையார் சுழி என்று இன்றுவரை கொண்டாடப்படும் பேச்சு! அடுத்த இரண்டாம் நாள் திருத்தணியில் படித் திருவிழா!

அதே பேச்சில் இன்னொரு குண்டு. குட்டி இயந்திர டாக்டரை விழுங்கிவிட்டால் உள்ளே போய் ஆபரேஷன் செய்யும் என்றார். அப்போது எல்லோரும் சிரித்திருப்பார்கள். இப்போது ஊசியில் துகளே போகிறது!

அந்தப் பேச்சு முடிந்து மூன்றே மாதம். 1960 ஏப்ரல் 1. ஆந்திராவோடு இருந்த திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது! ம.பொ.சி. நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் வெற்றி!

★ ஏன் தங்கம்?

தங்கத்தின் அணு எண் 79. நம் உடம்பில் அதிகம் இருக்கும் ஆக்சிஜனுக்கு 8. கார்பனுக்கு 6. ஹைட்ரஜனுக்கு வெறும் 1. எண் பெரிதானால் எக்ஸ்ரேயை விழுங்கும் வாயும் பெரிது!

எவ்வளவு பெரிது? 40,000 எலக்ட்ரான் வோல்ட் எக்ஸ்ரேயில், எடைக்கு எடை, தங்கம் சதையைவிட 100 மடங்குக்கும் மேல் விழுங்கும்!

அதே தங்கத்தின் மேல் 10 லட்சம் எலக்ட்ரான் வோல்ட் கதிரைப் பாய்ச்சினால்? ஒன்றரை மடங்குகூட வராது! இன்றைய பெரிய ஆஸ்பத்திரி மெஷின்களோ 60 லட்சம் வோல்ட் ரகம்!

அப்படியானால் பெரிய மெஷினில் தங்கம் வேஸ்டா? 2011-ல் பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகக் குழு மார்பகப் புற்று செல்களில் பார்த்துவிட்டது. 60 லட்சம் வோல்ட்டிலும் 1.29 மடங்கு பலன்! 1.5 கோடி வோல்ட்டிலும் 1.16 மடங்கு! இயற்பியல் போட்டுக் கொடுத்த கணக்கைச் செல் மதிக்கவே இல்லை!

தங்க அணுவின் உள்வட்டத்தில் இருக்கும் எலக்ட்ரானைப் பெயர்த்தெடுக்க எவ்வளவு ஆற்றல் வேண்டும்? 80,700 எலக்ட்ரான் வோல்ட்!

பெயர்த்தால் என்ன ஆகும்? காலி இடத்துக்கு மேல்வட்டத்து எலக்ட்ரான் இறங்கும். இறங்குகிற வேகத்தில் இன்னொன்றை வெளியே தள்ளும். அது போன இடத்துக்கு அடுத்தது. சரசரவென்று ஒரே அணுவிலிருந்து பல எலக்ட்ரான் தெறிக்கும்! ஆகர் எலக்ட்ரான்கள் என்பது இவைதான்!

இந்த எலக்ட்ரான்களில் பல பாய்வது நானோமீட்டர் கணக்கில்தான்! பக்கத்து வீட்டுக்குப் போகாது. இறங்கிய இடத்திலேயே துவம்சம்!

இந்த விளைவை 1922-ல் முதலில் எழுதியவர் லிசே மைட்னர் என்ற பெண் விஞ்ஞானி. பெயர் தட்டிப்போனதோ 1923-ல் எழுதிய பியர் ஆகருக்கு! ஒரே வருட வித்தியாசம்!

1998-ல் ஜெர்மனியில் ரெகுல்லா குழு ஒரு தங்கத் தகட்டை ஒட்டினாற்போல் கதிர் அளவை அளந்தது. தகட்டுக்கு மிக அருகே 100 மடங்குக்கும் மேல்!

தங்கத்துக்கும் முன்னால் மாட்டியது அயோடின்! 1980-லேயே ஜப்பானில் பார்த்துவிட்டார்கள். ஸ்கேனுக்குப் போடும் அயோடின் மருந்து கலந்த செல்கள் எக்ஸ்ரேயில் கூடுதலாகச் செத்தன. காமா கதிரிலோ ஒரு வித்தியாசமும் இல்லை!

வாய்ப் புற்றுக்குக் ‘கரண்ட்’ (கதிர் சிகிச்சைதான்!) வைக்கும்போது உலோகம் அடைத்த பல் இருந்தால், அதை ஒட்டிய கன்னம் மட்டும் கூடுதலாகப் புண்ணாகும்! உலோகத்திலிருந்து தெறிக்கும் எலக்ட்ரான்தான் வில்லன். பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவே சில மில்லிமீட்டர் மெழுகு வைத்தால் போதும். வில்லன் அவுட்!

★ கரண்ட் அறைக்குள்ளே!

தலை, கழுத்துப் புற்றுக்கு முகமூடி செய்வதைப் பார்த்திருக்கிறீர்களா? வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டு. உடம்பெல்லாம் ஓட்டை. வெந்நீரில் போட்டால் தோசை மாவுபோலத் தளரும். எடுத்து முகத்தில் போர்த்தி, ஓரத்தைக் கட்டிலோடு மாட்டி, மூக்கையும் தாடையையும் விரலால் அழுத்தி விடுவார்கள். சில நிமிடத்தில் இறுகிவிடும். அப்புறம் தலை அசையவே அசையாது. அந்த முகமூடி மேல் போட்ட குறியில் லேசர் கோடு வந்து உட்கார்ந்தால்தான் மெஷினையே ஓட்டுவார்கள்!

தலை, கழுத்துப் புற்றுக்கு வழக்கமான கதிர் அளவு நாளைக்கு 2 கிரே. வாரத்துக்கு 5 நாள். 7 வாரம். மொத்தம் 70 கிரே!

2 கிரே என்றால் எவ்வளவு சூடு? அத்தனையும் வெப்பமாக மாறினாலும் சதையின் சூடு ஆயிரத்தில் ஒரு டிகிரிகூட ஏறாது! மெஷினுக்கடியில் படுத்திருப்பவருக்குச் சுருக்கென்றுகூட இருக்காது. செல்லுக்குள் மட்டும் ரணகளம்!

★ நம்ம ஊர்க் கூட்டணி!

1954. முதல் பாரத ரத்னா. வாங்கியவர்கள் மூவர். ராஜாஜி, சர் சி.வி.ராமன், 1888-ல் திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன்! அதே 1954-ல் சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை திறப்பு. மொத்தம் 12 படுக்கை!

அடுத்த வருடமே அங்கே வேலைக்குச் சேர்ந்தார் ஒரு பெண் டாக்டர். டாக்டர் வி.சாந்தா! ராமன் அவருக்குத் தாத்தா முறை. வானியல் மேதை சந்திரசேகர் மாமா முறை. ஒரே குடும்பத்தில் இரண்டு நோபல், ஒரு மகசேசே!

மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923-ல் புற்றுநோயில் இறந்தார். 31 வருடம் விடாப்பிடியாக நின்று சாதித்தார் அக்கா!

1950-களிலேயே அடையாறுக்குக் கனடாவிலிருந்து கரண்ட் வைக்கும் கோபால்ட் மெஷின் வந்து இறங்கிவிட்டது. ஆசியாவிலேயே முதல் என்று மருத்துவமனை மார்தட்டிக்கொள்கிறது! அதிலுள்ள கோபால்ட்-60 சும்மா வைத்திருந்தாலே 5.27 வருடத்தில் பாதியாகிவிடும்!

ராமன் கண்டுபிடித்த ஒளிச்சிதறல் ரொம்ப மங்கல். பக்கத்தில் ஒரு நானோ தங்கத் துகளை நிறுத்துங்கள். சிக்னல் பல லட்சம் மடங்கு ஏறும்! அந்த வெளிச்சத்தில் புற்று செல்லைத் தேடும் ஆராய்ச்சி உலகம் முழுக்க நடக்கிறது. தாத்தாவின் ஒளி, பேத்தியின் நோயாளிகளைத் தேடி வருகிறது!

திருத்தணியில் ரயில் ஏறி அரக்கோணத்தில் மாறினால் காட்பாடி. அங்கிருந்து எட்டிப் பார்த்தால் வேலூர் சி.எம்.சி. அங்கே டாக்டருக்குப் படித்த சுனில் கிருஷ்ணன் அமெரிக்காவில் புற்றுநோய்க் கதிர் சிகிச்சை நிபுணர். 2008-ல் பரமேஸ்வரன் தியாகராஜன் உள்ளிட்ட குழுவோடு சேர்ந்து என்ன செய்தார் தெரியுமா? எலியின் கட்டிக்குள் தங்கம் போர்த்திய நானோ துகளை அனுப்பி, லேசரால் இளஞ்சூடாக்கி, அதன் மேல் கதிரைப் பாய்ச்சினார். தனிக் கதிரைவிடக் கட்டிக்குச் செம அடி!

அரக்கோணத்திலிருந்து இன்னொரு பக்கம் திரும்பினால் காஞ்சிபுரம். காரப்பேட்டையில் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை. 1969-ல் புற்றுநோய்க்குப் பலியான முதலமைச்சர் அண்ணாவின் பெயரில்!

சென்னை ஐ.ஐ.டி.யில் டி.பிரதீப் குழு நானோ வெள்ளியை வைத்துக் குடிநீரிலிருந்து பூச்சிமருந்தைப் பிடித்துக் காட்டியது. 2020-ல் அவருக்குப் பத்மஸ்ரீ! வெள்ளியின் அணு எண் 47. அதையும் கதிர் சிகிச்சைக்குச் சோதித்துப் பார்க்கிறார்கள்!

★ வேப்பிலையில் தங்கம்!

2004-ல் புனே தேசிய ரசாயன ஆய்வுக்கூடத்தில் முரளி சாஸ்திரி குழு வேப்பிலை கொதித்த தண்ணீரில் தங்க உப்பைக் கலந்தது. நானோ தங்கம் தயார்! அடுத்த வருடம் புளிய இலை. இந்த முறை வந்தது முக்கோணத் தங்கம்! எலுமிச்சைப் புல்லிலும் முக்கோணம்!

கர்நாடகத்துக்காரர் கட்டேஷ் கட்டி. அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகத்தில் டார்ஜிலிங் தேயிலையை வைத்தே நானோ தங்கம் செய்தார்! 2012-ல் தேயிலைச் சத்து பூசிய கதிரியக்கத் தங்கத்தை எலியின் புராஸ்டேட் கட்டியில் செலுத்தினார்கள். 28 நாள் கழித்துப் பார்த்தால், சிகிச்சை இல்லாத எலிகளின் கட்டியைவிட 80 சதவீதம் சிறிது!

அந்தக் கதிரியக்கத் தங்கத்தின் அரை ஆயுள் 2.7 நாள்தான்! வேலையை முடித்துவிட்டுச் சமர்த்தாக அடங்கிவிடும்!

★ தங்கம் சிவப்பு!

நானோ தங்கம் மஞ்சளா? இல்லவே இல்லை, சிவப்பு! மைக்கேல் ஃபாரடே 1850-களில் செய்த சிவப்புத் தங்கத் தண்ணீர் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இன்னும் சிவப்பாகவே இருக்கிறது. 160 வருடம் தாண்டியும் நிறம் போகவில்லை!

செய்வது எப்படி? தங்க உப்புக் கரைசல் கொதிக்கும்போது லேசான மஞ்சள். சிட்ரேட் ஊற்றியதும் நிறமே போய்விடும். அப்புறம் மெல்லக் கறுக்கும். பாழாகிவிட்டது என்று நினைக்கிற நேரத்தில் ஊதா எட்டிப் பார்க்கும். சில நிமிடத்தில் பளீரென்று மாதுளம்பழச் சிவப்பு! 1951-ல் டர்கெவிச் சொல்லிக் கொடுத்த இந்தச் செய்முறைதான் இன்றும் கல்லூரி லேப்களில்!

கர்ப்பம் பார்க்கும் அட்டையில் விழும் சிவப்புக் கோடு, பல அட்டைகளில் நானோ தங்கம்தான்! கொரோனா டெஸ்ட் அட்டையிலும் அப்படியே. குப்பையில் எறிந்தீர்களே, தங்கம்!

கட்டித் தங்கம் உருகுவது 1,064 டிகிரியில். 2, 3 நானோமீட்டர் துகளாக்கினால்? பல நூறு டிகிரி முன்னாலேயே உருகிவிடும்!

★ ஹாஃப்னியம் பராக்!

கரண்டுக்குத் துணையாக மனிதர்களுக்கு முதலில் வந்து சேர்ந்தது தங்கம் இல்லை! ஹாஃப்னியம் ஆக்ஸைடு! அணு எண் 72. பாரிஸ் நானோபயாடிக்ஸ் கம்பெனியின் தயாரிப்பு. துகள் சுமார் 50 நானோமீட்டர்!

2019 ஏப்ரலில் ஐரோப்பிய அனுமதி. கை, கால், உடல் சுவர்ப் பகுதிகளில் முற்றிய மென்திசுப் புற்றுக்கு. இதில் வேடிக்கை என்ன? அப்போது ஐரோப்பாவில் அதற்குக் கிடைத்த பெயர் ‘மருந்து’ இல்லை, மருத்துவக் ‘கருவி’! கண்ணுக்கே தெரியாத கருவி!

கட்டிக்குள் நேராக ஒரே ஒரு ஊசி. அளவு, கட்டியின் பருமனில் 10 சதவீதம். பிறகு வழக்கமான கரண்ட் 25 தடவை, 50 கிரே. கட்டியை வெட்டி எடுத்துச் சோதித்தார்கள். புற்று செல் அநேகமாக முழுக்க அழிந்திருந்தது, கரண்ட் மட்டும் வாங்கியவர்களில் 8 சதவீதம். ஹாஃப்னியமும் சேர்ந்தவர்களில் 16 சதவீதம். நேர் இரட்டிப்பு!

அதே ஹாஃப்னியம் அணு உலையில் என்ன செய்கிறது? நியூட்ரானை விழுங்கிக் கட்டுப்படுத்தும் தண்டு! அங்கே கதிரை அடக்குகிறது, இங்கே கதிரைத் தூண்டுகிறது!

1923-ல் ஹாஃப்னியத்தைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் ஹெவெசி. 1940-ல் நாஜிப் படை கோபன்ஹேகனுக்குள் நுழைந்தபோது இரண்டு நோபல் தங்கப் பதக்கங்களை ராஜதிராவகத்தில் கரைத்து அலமாரியில் வைத்துவிட்டார்! போர் முடிந்து வந்து பார்த்தால் பாட்டில் அப்படியே! நோபல் குழு அந்தத் தங்கத்திலேயே பதக்கம் வார்த்துக் கொடுத்தது!

தங்கத்தை ராஜதிராவகத்தில் கரைத்தால் கிடைப்பது குளோரோஆரிக் அமிலம். நானோ தங்கம் செய்ய முதல் சரக்கே அதுதான்! நாஜிகள் சும்மா விட்டுப்போன அந்த பாட்டிலில் கோடி கோடி நானோ துகளுக்கான சரக்கு!

அடுத்தவர் கடோலினியம். அணு எண் 64. பிரான்ஸின் கிரெனோபிளில் மூளைக்குப் புற்று பரவிய 15 பேருக்கு ரத்தத்தில் ஏற்றினார்கள். எம்.ஆர்.ஐ.யில் கட்டியைக் காட்டிக்கொடுப்பதும் அதே துகள், கரண்டுக்கு எடுத்துக்கொடுப்பதும் அதே துகள்! ஒரே துகளில் ரெண்டு வேலை!

★ உள்ளே போவதும் வெளியே வருவதும்!

சிறுநீரகச் சல்லடையின் கணக்கு என்ன? 5.5 நானோமீட்டர்! அதற்குக் குறைந்த துகள் சிறுநீரில் வெளியேறும். பெரிசு என்றால் கல்லீரலில் டேரா!

செல்லுக்குள் புகுவதற்கு வேறு கணக்கு! 2006-ல் டொராண்டோவில் 14 முதல் 100 நானோமீட்டர் வரை தங்க உருண்டைகளை விட்டுப் பார்த்தார்கள். செல் அதிகமாக விழுங்கியது 50 நானோமீட்டர் உருண்டையை!

ரத்தத்தில் ஏற்றும் நானோ துகளில் கட்டிக்குப் போய்ச் சேர்வது எவ்வளவு? 2016-ல் பத்து வருட ஆராய்ச்சிகளை அலசினார்கள். நடு அளவு 0.7 சதவீதம்! 100 போட்டால் ஒன்றுகூடப் போகவில்லை! ஹாஃப்னியத்தை நேராகக் கட்டியிலேயே குத்துவது ஏன் என்று இப்போது புரிகிறதா!

தங்கபஸ்பம் சாப்பிட்டால் கட்டி கரையும் என்று யாராவது சொன்னால் ஓடிவிடுங்கள்! இங்கே அடிப்பது எக்ஸ்ரே. தங்கம் எடுபிடிதான்!

எலிக்குப் போட்ட தங்கம் கிலோவுக்கு 2.7 கிராம். 60 கிலோ மனிதருக்கு அதே கணக்கில் 162 கிராம். அதாவது 20 சவரன்! ஒரே ஊசியில் ஒரு கல்யாணச் செலவு!

அதனால்தான் ஆராய்ச்சியாளர்கள் பார்வை இப்போது பிஸ்மத் மேல். விலை தங்கத்தின் கால்தூசுகூட இல்லை. வயிற்றுப்புண் மாத்திரையில் வெகுநாளாக இருக்கும் சரக்கு. அணு எண் எவ்வளவு தெரியுமா? தங்கத்தைவிட 4 கூடுதல்... 83!